முங்காத இரும்பு

கிணற்றில் நீர் இறைத்தவர்களின் கைக்கு ஒரு விஷயம் தெரியும். வாளியை நேராக இறக்கினால் அது தண்ணீர் மொள்ளாது. தகரமோ இரும்போ, தண்ணீர்மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும். கயிற்றை ஒரு சுண்டு சுண்டி வாளியின் வாயைச் சரித்தால்தான் குபுக்கென்று நீர் உள்ளே பாயும். பாய்ந்ததும் வாளி கனத்து முங்கும். கயிறு கைநழுவினால் அடியில் போய்க் கிடக்கும். பாதாளக்கரண்டி இருக்கிற வீட்டைத் தேடி ஓட வேண்டும்.

ஒரு நொடிக்கு முன் மிதந்த வாளி அடுத்த நொடி முங்குகிறது. இதற்கிடையே அதன் இரும்பு ஒரு கிராம்கூடக் கூடவில்லை. அப்படியானால் மாறியது எது?

எங்கள் நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க வருடத்தில் சில மாதங்களே வாய்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாகப் பெய்து, கிருதுமால் நதியிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தால்தான் கண்மாய் நிறையும். மற்ற மாதங்களில் சீமைக்கருவேலமும் வெடித்த கரிசலும்தான். இப்படிப்பட்ட வறண்ட சீமையிலிருந்து பட்டாளத்துக்குப் போய், அங்கே தண்ணீரில் நீந்தும் போர்வண்டியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் எங்கள் உறவில் ஒருவர் உண்டு. எனக்கு மாமா முறை. இந்த அத்தியாயத்தின் பாதி அவர் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து சொன்னது. மீதி, அவர் சொன்னதற்கான கணக்கு.

பத்துப் பேர் ஏறும் வண்டி

மாமா இருந்தது மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி என்ற படைப்பிரிவில். 1979இல் உருவான ரெஜிமென்ட். காலாட்படை வீரர்களைக் கவச வண்டிக்குள் ஏற்றிக்கொண்டு டாங்கிகளோடு சேர்ந்து முன்னேறுவது அதன் வேலை. வண்டியின் பெயர் பிஎம்பி-2. சோவியத் வடிவமைப்பு. 1980களின் பிற்பகுதியிலிருந்து தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் 'சரத்' என்ற பெயரில் தயாராகிறது. வண்டியை இயக்க 3 பேர், பின்னால் உட்கார்ந்து போக 7 வீரர்கள். எடை ஏறத்தாழ 14.3 டன். தரையில் மணிக்கு 65 கிலோமீட்டர் ஓடும். குளமோ ஆறோ குறுக்கே வந்தால் பாலம் தேடாமல் இறங்கி மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும்.

“பதினாலு டன் எப்படி மாமா மிதக்கும்?”

“கதவு ரப்பரைப் பாத்தாத் தெரியும் மாப்ளே, மிதக்குமா முங்குமான்னு” என்றார்.

அன்று அது பதிலாகவே தோன்றவில்லை. கணக்குப் போட்ட பிறகுதான் அதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது என்று புரிந்தது.

எடைக்கு எடை தண்ணீர்

தண்ணீருக்குள் ஒரு பொருளை அழுத்தினால், அது இருக்க இடம் வேண்டி அங்கிருந்த தண்ணீர் விலகுகிறது. விலகிய தண்ணீர் எவ்வளவு எடையோ, அவ்வளவு விசையோடு சுற்றியுள்ள நீர் பொருளை மேலே தள்ளும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் கண்டுசொன்னது இது. இந்த மேல்தள்ளலை மிதப்பு விசை என்போம். பொருளின் எடையும் மிதப்பு விசையும் சமமாகும் ஆழத்தில் பொருள் நின்றுவிடும். சமமாகவே வழியில்லையென்றால் அடிக்குப் போய்விடும்.

இனி பிஎம்பியைத் தண்ணீரில் இறக்குவோம். ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது மீட்டர் நீளம், மீட்டர் அகலம், மீட்டர் ஆழம் உள்ள தொட்டி கொள்ளும் தண்ணீர், ஒரு டன் எடை. 14.3 டன் வண்டி மிதக்க 14.3 கன மீட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். வண்டியின் நீளம் சுமார் 6.7 மீட்டர், அகலம் 3.15 மீட்டர். பெருக்கினால் 21 சதுர மீட்டர். வண்டியை அந்த அளவுள்ள ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் 68 சென்டிமீட்டர் அமிழ்ந்ததுமே வேண்டிய தண்ணீர் விலகிவிடும். நம் முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

உண்மையான வண்டி அதைவிட ஆழமாகவே அமிழும். இரண்டு பக்கமும் சக்கரங்களைச் சுற்றிச் செயின் ஓடும் இடம் திறந்து கிடப்பதால் அங்கே விலகும் தண்ணீர் குறைவு. முகப்பும் கூராகச் சரிந்திருக்கும். அதனால் நீந்தும் பிஎம்பியைக் கரையிலிருந்து பார்த்தால் மேல்தளம் தண்ணீரை ஒட்டினாற்போல இருக்கும்; துப்பாக்கிக் கோபுரம் மட்டும் தனியாகப் போவதுபோலத் தெரியும்.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். இந்த 14.3 டன்னும் முழுக்க இரும்பு என்றே வைப்போம். அத்தனை இரும்பையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் அது 2 கன மீட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். தண்ணீருக்குள் இருக்கும் 14.3 கன மீட்டரில் மிச்சமுள்ள 12 கன மீட்டருக்கும் மேலான இடம் வெறும் காற்று: வீரர்கள் கால் நீட்டும் இடம், என்ஜினைச் சுற்றிய இடுக்கு, இருக்கைக்கு அடியிலுள்ள சந்து. வண்டியை மிதக்க வைப்பது அந்தக் காலி இடம். தண்ணீர் அதற்குள் நுழையாதவரை வண்டி மிதக்கும். வாளியைச் சுண்டியபோது நாம் பறித்ததும் இதைத்தான். மாமா கதவு ரப்பரைச் சொன்னதன் பொருளும் இதுதான்.

பெரிய டாங்கிகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. டி-72 டாங்கியின் எடை 41 டன் அளவு. உடலின் நீள அகலத்தைப் பெருக்கினால் 25 சதுர மீட்டர்தான் தேறும். மிதக்க வேண்டுமானால் 1.6 மீட்டருக்கு மேல் அமிழ வேண்டும். அதன் உடலுக்கு அத்தனை உயரமே கிடையாது. ஆகவே அது ஆற்றை நீந்திக் கடப்பதில்லை. ஆழம் அதிகமென்றால் காற்றுக்குழாயை மேலே நீட்டிக்கொண்டு ஆற்றுப்படுகையிலேயே ஊர்ந்து போகும். 2024 ஜூன் மாதக் கடைசியில் லடாக்கின் ஷியோக் ஆற்றில், இரவுப் பயிற்சியில் இருந்த ஒரு டி-72, திடீரென்று பெருகிய நீரில் சிக்கியது. ஐந்து வீரர்கள் இறந்தார்கள்.

ஒரு சென்டிமீட்டருக்கு 210 கிலோ

21 சதுர மீட்டர் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் எடை 210 கிலோ. வண்டியில் 210 கிலோ கூடினால் அது இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமிழும்.

ஏழு வீரர்கள், துப்பாக்கி, தோட்டா, மூட்டை முடிச்சோடு தலைக்கு 100 கிலோ என்றால் 700 கிலோ. 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பரவாயில்லை. கவசத்துக்கு வருவோம். பக்கங்களிலும் முகப்பிலுமாக 16 சதுர மீட்டர் பரப்பில், எதிரியின் குண்டுக்குப் பயந்து ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு இரும்புத்தகடு கூடுதலாக வைத்தால் 1,250 கிலோ ஏறிவிடும். 6 சென்டிமீட்டர் அமிழ்ந்துபோகும்.

தண்ணீர்மட்டத்துக்கும் தண்ணீர் உள்ளே நுழையக்கூடிய முதல் திறப்புக்கும் இடைப்பட்ட உயரத்தைக் கரைவிளிம்பு என்று சொல்லிக்கொள்வோம். நீந்தும் கவச வண்டிகளுக்கு அது மிகக் குறைவுதான். அதில் 6 சென்டிமீட்டர் போவதைக் கொஞ்சம் என்று ஒதுக்க முடியாது. உலகெங்கும் இதே பேரம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பிராட்லி கவச வண்டி தொடக்கத்தில் நீந்தக்கூடியது; பிறகு கவசத்தைத் தடிப்பாக்கியபோது நீந்தும் திறனைக் கைவிட்டார்கள்.

கடல் கொஞ்சம் சலுகை தருகிறது. உப்புநீர் நம் கண்மாய்த் தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம். அதே வண்டி நரிக்குடிக் கண்மாயைவிட ராமேசுவரம் கடலில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக உயர்ந்து நிற்கும். ஆனால் கடலில் அலை உண்டு. கொடுத்த சலுகையை ஒரே அலையில் பிடுங்கிக்கொள்ளும்.

1944 ஜூன் 6, நார்மண்டி. ஷெர்மன் டாங்கிகளைச் சுற்றித் தார்ப்பாய்த் திரையை உயர்த்திக் கட்டி, அந்தத் திரைதான் கரைவிளிம்பு என்று கடலில் இறக்கினார்கள். அமைதியான நீரில் அது வேலை செய்தது. ஒமாஹா கடற்கரைக்கு எதிரே அன்று அலை உயர்ந்திருந்தது. கரையிலிருந்து வெகுதூரத்தில் இறக்கப்பட்ட 29 டாங்கிகளில் 27 முங்கின. கணக்கில் பிழையில்லை, அந்த உயர அலைக்காகப் போட்ட கணக்கு அல்ல அது.

செயினால் நீந்துவது

மிதந்தால் போதாது, நகர வேண்டும். பிஎம்பிக்குத் தனி விசிறி கிடையாது. தரையில் ஓடும் அதே செயின்தான் தண்ணீரிலும் துடுப்பு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வண்டி முன்னே போகும்போது செயினின் கீழ்ப்பகுதி பின்னோக்கி ஓடும். தண்ணீரைப் பின்னே தள்ளும். அதன் எதிர்விசை வண்டியை முன்னே தள்ளும். ஆனால் அதே செயினின் மேல்பகுதி முன்னோக்கித் திரும்பி வருகிறது. அது தண்ணீரை முன்னே வாரிக்கொண்டு வந்து கீழ்ப்பகுதி செய்த வேலையைக் கெடுக்கும்.

அதற்கான மருந்து, மேல்பகுதியைச் சுற்றி ஒரு தகட்டு மூடி. மேலே தண்ணீர் தாராளமாக ஓட வழியில்லாதபடி அடைத்து, முடிந்தவரை பின்பக்கமே திருப்பிவிடுவார்கள். இத்தனை செய்தும் 300 குதிரைத்திறன் என்ஜின் மணிக்கு 7 கிலோமீட்டருக்குமேல் தர முடிவதில்லை. விறுவிறுவென்று நடப்பவரின் வேகம்தான். அகன்ற முகம் தண்ணீரைக் கிழிக்காது, மோதித் தள்ளும். முன்னால் நீர் குவியலாக எழும்பும். அந்தக் குவியல் மூக்கின்மேல் ஏறினால் வண்டியின் முகத்தைக் கீழே அமுக்கி டிரைவரின் மூடிவரை வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் நீரில் இறங்குமுன் முகப்பில் ஒரு பலகையைத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

“பலகையைத் தூக்காம எறங்குனா டிரைவருக்குக் குளிப்பாட்டுதேன்” என்பார் மாமா. அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர்.

இவ்வகையில் பிஎம்பிக்கு முந்தைய பிடி-76 டாங்கி கெட்டிக்காரத்தனமானது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் இரண்டு பாய்ச்சுக்குழாய்கள் அதற்கு உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டர். ஒரு குழாயின் பின்வாயை மூடினால் தண்ணீர் முன்பக்கம் திரும்பும். வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும்.

கரீப்பூரும் மேக்னாவும்

அந்த பிடி-76 இந்தியப் படையில் இருந்தது. 14 டன் எடைக்குள் அடங்க வேண்டும் என்பதால் அதன் கவசம் மிகத் தடித்த இடத்திலும் 2 சென்டிமீட்டரைத் தாண்டாது. காலி நெய் டின்போல மிதப்பதால் பஞ்சாபி வீரர்கள் அதைப் 'பிப்பா' என்று கூப்பிட்டார்கள். 2023இல் வந்த இந்திப் படத்துக்கும் அதுவே பெயர்.

1971 நவம்பர் 21. இன்றைய வங்காளதேசத்தில், எல்லையை ஒட்டிய கரீப்பூர். பனிமூட்டமான காலை. 45ஆவது கேவல்ரியின் 14 பிடி-76 டாங்கிகளும் 14ஆவது பஞ்சாப் பட்டாலியனும் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை எதிர்கொண்டு முறியடித்தன. டாங்கிகளுக்குத் தலைமை தாங்கிய மேஜர் தல்ஜித் சிங் நாரக் அங்கே உயிர்விட்டார். மகாவீர் சக்கர விருது அவருக்கு வழங்கப்பட்டது. மிதப்பதற்காகக் கவசத்தைத் துறந்த ஒரு வண்டியில் நின்று சண்டை போடுவது என்ன என்பதை, மேலே போட்ட 6 சென்டிமீட்டர் கணக்கோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வீரர்களை வியக்க எனக்கு வேறு புள்ளிவிவரம் வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாரத்துக்குள் மேக்னா ஆறு. அசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. ஜெனரல் சகத் சிங் ஹெலிகாப்டர்களில் வீரர்களை அக்கரை சேர்த்தார். பிடி-76கள் நீந்தின. ஆனால் மேக்னா நம் ஊர் ஆறுகள்போல் இல்லை, கடல்போல விரிந்தது. நடுவழியில் என்ஜின்கள் சூடேறின. உள்ளூர் மக்கள் படகுகளைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். நிலத்தில் ஓடும் என்ஜினுக்குச் சரிவு உண்டு, நிறுத்தம் உண்டு, கொஞ்சம் ஆறிக்கொள்ளலாம். தண்ணீரில் கரையிலிருந்து கரைவரை முழுப்பாரம்தான். குளத்தில் கால்மணி நேரம் நீந்திக்காட்டிய வண்டி, பேராற்றை நீந்திவிடும் என்று பொருளல்ல. சோதனை எங்கே, எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதும் முக்கியம்.

கரையேறும்போது

எது கஷ்டம், இறங்குவதா, நீந்துவதா என்று மாமாவிடம் கேட்டேன்.

“ரெண்டும் இல்ல மாப்ளே. ஏறுறதுதேன்.”

கரிசல் கண்மாயில் மாடு ஏற்றியவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் சேறு மட்டும் காரணமில்லை. செயின் தரையைப் பற்றுவது வண்டியின் எடையால். கரையை நெருங்கும்போது முன்செயின் தரையைத் தொட்டுவிடும். உடலின் பெரும்பகுதி இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அதாவது 14 டன்னில் பெரும்பங்கைத் தண்ணீரே தாங்குகிறது; செயின்மேல் விழுவது ஓரிரு டன்தான். அவ்வளவு லேசான பிடியை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் சரிவில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் செயின் சேற்றை வாரி இறைத்துக் குழி பறிக்கும். வண்டி பக்கவாட்டில் சரிந்தால் இன்னும் மோசம்.

அதனால் வண்டியை இறக்குமுன் ஒருவர் தண்ணீரில் இறங்கி, கால்களால் துழாவி, ஏறுமிடத்தின் தரையும் சரிவும் எப்படி என்று பார்ப்பாராம். ஏறுமிடம் முடிவான பிறகுதான் இறங்குமிடத்தைத் தேடுவார்கள்.

உள்ளே ஆடும் தண்ணீர்

எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் கசியும். அதை வெளியேற்ற வண்டிக்குள் பம்புகள் உண்டு. கசிவின் ஆபத்து அதன் எடையில் மட்டும் இல்லை. வண்டி இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் முழுவதும் இடப்பக்கம் ஓடிவிடும். அந்த எடை சாய்வைக் கூட்டும். கூடிய சாய்வு இன்னும் நீரை அந்தப் பக்கம் சேர்க்கும். 500 லிட்டர் அசையாமல் இருந்தால் இரண்டரை சென்டிமீட்டர் அமிழ்வோடு போய்விடும். அதே 500 லிட்டர் ஆட ஆரம்பித்தால் வண்டியைச் சரித்து, தண்ணீர் நுழையும் விளிம்புவரை கொண்டுபோகும். ஆகவே கணுக்கால் அளவு தண்ணீர் என்பது இத்தகைய வண்டியில் எச்சரிக்கை மணி.

அந்த மணியைக் கேட்கத் தவறினால் என்னவாகும் என்பது 2020 ஜூலை 30 அன்று கலிபோர்னியாவின் சான் கிளமெண்டி தீவுக்கு அருகே தெரிந்தது. அமெரிக்க மரைன் படையினர் 15 பேரும் கடற்படை மருத்துவ உதவியாளர் ஒருவரும் ஏறிய நீந்தும் கவச வண்டி, பயிற்சி முடிந்து கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த ரகம் 1972 முதல் பணியில் இருந்தது. உள்ளே நீர் கசிந்து ஏறியது. கணுக்கால் அளவு வந்ததும் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. வெளியேற்றம் தாமதமானது. கடைசியில் மேல்மூடியைத் திறந்தபோது அலை உள்ளே புகுந்தது. வண்டி 385 அடி ஆழத்துக்குப் போனது. ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தவை: சரியாகப் பராமரிக்கப்படாத வண்டி, கசியும் அடைப்புகள், முங்கும் வண்டியிலிருந்து தப்பும் பயிற்சியை முடிக்காத வீரர்கள். மறு ஆண்டின் இறுதியில் அந்த வண்டிகளைக் கடலில் இறக்குவதை மரைன் படை வழக்கமான பணிகளில் நிறுத்தியது.

இதைப் படித்துச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் செய்த வேலையை வரிசையாகச் சொன்னார். இறங்குமுன் அடித்தட்டின் வடிகால் திருகுகள் அத்தனையையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மூடியிருக்கிறது என்று இன்னொருவர் சொன்னதை நம்பக் கூடாது. பின்கதவு இரண்டும் உள்கூடானவை, அவற்றுக்குள்ளும் டீசல் தொட்டி. கதவோர ரப்பரில் வெடிப்போ மணலோ இருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். பம்பை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் மிதவைச்சட்டை. எந்த மூடி வழியாக யார், யாருக்குப் பின் யார் வெளியேறுவது என்று தரையிலேயே, கண்ணைக் கட்டிக்கொண்டு பழக வேண்டும். பிறகு மெதுவாக இறங்கி, செயின் தரையை விட்டதும் அங்கேயே நின்று உள்ளே பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் திரும்பிவிட வேண்டும்.

இப்போது ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து 'சோராவர்' என்ற இலகு டாங்கியை உருவாக்கியிருக்கின்றன. 2024 ஜூலையில் வெளியே காட்டினார்கள். லடாக் மலைக்கும் ஆறுகளுக்கும் என்று வடிவமைத்தது. எடை 25 டன். பாலைவனத்திலும் 4,200 மீட்டருக்கு மேலான உயரத்திலும் சுட்டுப் பார்த்தாயிற்று. அது நீந்த வேண்டுமானால் 25 கன மீட்டர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். அதன் கதவு ரப்பரைத் தடவிப் பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

நீந்தி முடித்துக் கரையேறிய பின்னும் வேலை தீராது என்றார் மாமா. வடிகால் திருகைக் கழற்றி, அடியில் ஒரு டின் வைத்து, உள்ளே புகுந்த தண்ணீரை வடிப்பார்கள். வழக்கத்தைவிட அதிகமாக வடிந்தால் அந்த வண்டி மறுநாள் தண்ணீருக்குப் போகாது. எந்த அடைப்பில் கசிவு என்று கண்டுபிடிக்கும்வரை ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கும்.